ஆங்கிலத்தில்தானே எழுதினேன்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, மாமாவுக்கும்கூட. படித்ததும் அழித்துவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன். நீங்கள் இருவரும் நலமா, உன் இருமல் விட்டதா? இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். அம்மாவின் முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் புது ஆங்கில டீச்சர் வந்திருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா, அவர் முதல் நாளே கரும்பலகை நிறைய எழுதிப்போட்டார். மாதம் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், தப்பும் தவறுமாகவாவது ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், கட்டுரையில் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும், அளந்துவிட்டால் பூஜ்யம். இந்தப் பருவத்துக் கட்டுரை, வீட்டில் ஒருவரின் வேலை பற்றி. அதற்கு முன் புத்தகம் எடுக்க எங்களைப் பொது நூலகத்துக்கு அழைத்துப்போனார். அங்கே கடைசி மேசையில், செருப்பைக் கழற்றிவிட்டு, செய்தித்தாள்மேல் தலைவைத்து அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் என் அப்பா என்று தெரியாமலே நூலகர் டீச்சரிடம், "மெதுவா வாங்க, பாவம், பிரஸ்ல வேலை போனதுலேர்ந்து நாங்க பூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறாரு" என்றார்.

அக்கா, அப்பா தினமும் சாயங்காலம் வந்து, "இன்னைக்கும் அந்தக் கொட்டாவி மேனேஜர் உசுரை வாங்கிட்டான்டி" என்று அம்மாவிடம் கதை சொல்கிறார். வேலை இருந்தபோது சொன்னதைவிட இப்போதுதான் கதைகள் நன்றாக இருக்கின்றன. காகிதம் வெட்டும் மெஷினில் மேனேஜர் தன் டையையே கொடுத்துவிட்டானாம், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. வீட்டில் யாருக்கு ஆங்கிலம் தெரியும், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் என்று எல்லாவற்றையும் கட்டுரையில் கொட்டிவிட்டேன். எழுதி முடித்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது.

டீச்சர் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். நாளைக்குப் பெற்றோர் கூட்டத்தில் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, வீட்டாருக்காகத் தமிழிலும் சொல்ல வேண்டும், பாதி மதிப்பெண் அதற்குத்தான். வேறு ஏதாவது வாசிக்கிறேன் மிஸ் என்று கெஞ்சினேன். "வீட்ல எல்லாருக்கும் தெரியும்தானே? தெரியாம நீ எழுதியிருக்க மாட்டியே" என்று கேட்டார். வகுப்பே என்னைப் பார்த்தது. பயத்தில் நான் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பா அதற்கும் மேல். "லீவு தரமாட்டேன்னு குதிச்சான், எம் பொண்ணு இங்கிலீஷ்ல பேசப்போறா, போய்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்கிறார்.

என்ன செய்ய, அக்கா? தமிழில் சொல்லும்போது மாற்றிச் சொன்னால் டீச்சர் அங்கேயே நிறுத்திக் கேட்பார். காய்ச்சல் என்று படுத்தால் அம்மா தெர்மாமீட்டரோடு வருவாள். அத்தனை பேர் நடுவில் அம்மாவுக்குத் தெரியவந்தால், அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கும் பார்வையை என்னால் பார்க்க முடியாது. இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்து எழுந்து உட்காருகிறேன். எந்த முகத்தோடு சொல்வேன், உங்களை நான் பார்த்துவிட்டேன் என்று?

காலையில் பஸ்ஸில் இதை என் தோழியின் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், அவள் சத்தியம் உனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன் ஒரு வரி பதில் போடு. அம்மா பேசினால் உளறிவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி, நீ அங்கே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "தூங்கலையாம்மா? நாளைக்கு நான் முன்னாடி உக்காரட்டுமா? என்னைப் பார்த்தா பேச்சு வராதுன்னா சொல்லு, பின்னாடி நின்னுக்கறேன்" என்கிறார். போகாமல் அங்கேயே நிற்கிறார், கதவுக்கு அடியில் நிழல் தெரிகிறது.

அக்கா, திறக்கிறேன்