மாத்தாள்

இன்று காலை உன் வீட்டுக்காரர் கல்லூரிக்கு வந்தார். அச்சக வேலையாக விருதுநகர் வந்ததாகவும் போகிற வழியில் எட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். நான் நம்பவில்லை. பையிலிருந்து உன் பழைய போனை எடுத்து என் மேசைமேல் வைத்தவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"திட்டு வரமாட்டேங்குது டீச்சர்" என்றார்.

எடுத்துக் குலுக்கினேன். சார்ஜர் செருகும் துளை வழியாகக் கொஞ்சம் செம்மணல் மேசையில் உதிர்ந்தது. அந்த மணல் எப்படி உள்ளே போனது என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்த கதை அது. நீ இருந்தவரை உனக்கு நான் நீளமாக எழுதியதில்லை, பேசியதும் குறைவு. நம் இரண்டு பேருக்குமான பேச்சை நீயே பேசிவிடுவாய்.

உன் அத்தைக்குக் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்ன சமயம் நினைவிருக்கிறதா? கீழே அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து கூப்பிட்டு, வேண்டிய ஆளை மட்டும் திரும்பிப் பார்க்க வைக்கிற குரல் அவருடையது. ஆபரேஷனுக்கு முன்பே அதைப் பதிந்து வைத்துவிடலாம் என்றாய். அவர் சம்மதிக்கவில்லை. பதிந்து வைத்தால், போகட்டும் என்று தானே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமாம். சிலேட்டில் எழுதிக் காட்டவும் மாட்டாராம், அவர் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? கடைசியில், "அப்ப எங்குரல எடுத்துக்கோங்க அத்தை" என்றாய்.

அவர் சொல்லச் சொல்ல நீ பேசிப் பதிந்தாய். உன் போன் திரையில், தொட்டால் பேசும்படி காப்பிக்கு ஒரு படம், மாத்திரைக்கு ஒரு படம், மெஷினை நிறுத்தச் சொல்ல ஒரு படம். வீட்டுக்கு வருகிறவர்களை "வாங்க, சாப்பிட்டீகளா" என்று கேட்க ஒன்று. செயலியை முடித்து நீ காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: "எல்லாஞ் சரித்தா. இதுல திட்டு எங்கன இருக்கு? திட்டு இல்லாம நான் எப்பிடிக் குடும்பம் நடத்த?"

அப்படித்தான் குலுக்கல் வந்தது. படத்தைத் தொட்டால் சாதாரணப் பேச்சு, போனைக் குலுக்கினால் திட்டு. கோபம் வந்தவர் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கமாட்டார், கையில் இருப்பதை ஆட்டத்தான் செய்வார் என்றாய். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் மாமியார் மருமகளை மருமகளின் குரலிலேயே திட்டினார். "ஏத்தா, கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று உன் குரல் உன்னைக் கேட்கும். "என்னை நானே திட்டிக்கிற கொடுமை எந்த ஊர்லயாச்சும் உண்டா?" என்று அடுப்படியிலிருந்து நீ கத்துவாய். அத்தை சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார்.

நீ ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி உனக்கே எழுத என்ன இருக்கிறது.

அடுத்த கோடையில் போனின் பேட்டரி ஊதி, பின்மூடி தூக்கிக்கொண்டது. வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டு ஆளைப் பட்டாசு ஆலைக்குள் விடுகிற ஊர் உங்களுடையது. ஊதிய பேட்டரியை அங்கே யார் வீட்டில் வைத்திருப்பார்கள்? உன் வீட்டுக்காரர் அதை அச்சகத்தின் தீயணைப்பு மணல் வாளிக்குள் புதைத்துவிட்டார். அதில் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

அவர் வாங்கிக் கொடுத்த புதுப் போனிலும் பேசுகிற செயலி இருந்தது. "தயவுசெய்து எனக்குத் தேநீர் தாருங்கள்" என்றது, வானொலியில் செய்தி வாசிப்பது போல. அத்தை அதைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. பசித்தால் டம்ளரால் மேசையைத் தட்டுவார். வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். பிறகு அதையும் நிறுத்திக்கொண்டு, ஆள் வந்தால் எழுந்து உள்ளே போய்விட ஆரம்பித்தார். அதைப் பார்த்த அன்றுதான் மணல் வாளியைக் காட்டச் சொன்னேன்.

போன் கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி, வெளியிலிருந்து ஒயர் கொடுத்துச் சிறிது நேரம் போனை உயிர்ப்பித்தார். அதற்குள் உன் செயலியைக் கணினிக்கு எடுத்துவிட்டேன். அத்தோடு போன் அடங்கிவிட்டது. நீ எழுதிய மூல நிரல் கிடைக்கவில்லை. உன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்து, அதை அச்சகத்தில் பில் போடக் கொடுத்துவிட்டார்கள். புதுப் போன்கள் உன் செயலியை நிறுவ மறுத்தன. போன் கம்பெனிக்கு எழுதினேன், அந்த மாடலுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. குரல் கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்துப் புதுப் போனில் போட்டும் பார்த்தேன். குரல் வந்தது, பேச்சு வரவில்லை. எந்தப் படத்தை அழுத்திப் பிடித்தால் எது வரும், ஒரு வாக்கியம் முடிந்து எவ்வளவு விட்டு அடுத்தது தொடங்கும் என்பதெல்லாம் அத்தையின் விரலுக்குத்தான் தெரியும். எனக்கு அந்தப் போன் முழுதாக வேண்டியிருந்தது.

மதுரையில் படித்தபோது எமுலேட்டரைப் பற்றி நாம் போட்ட சண்டை அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு மென்பொருளை இன்னொரு கருவிபோல நடந்துகொள்ளச் செய்வது வெறும் நடிப்பு என்றேன் நான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நடிப்பு இல்லடி, மாத்தாள். எங்க ஊர்ல ஒருத்தி வேலைக்கு வரலேன்னா தங்கச்சிய அனுப்புவா. மேஸ்திரி தலைய எண்ணுவாரு, மூஞ்சியப் பாக்க மாட்டாரு." மாத்தாள் வந்தால் வேலை நடக்கும், ஆள் வந்ததாக ஆகாது என்றேன். "வேலை நடந்தாச் சரி" என்றாய்.

கட்டற்ற மென்பொருளில், கணினியையே போன்போல நடந்துகொள்ளச் செய்யும் அப்படி ஒரு மாத்தாள் இருந்தது. யாரும் எடுத்துப் பிரித்து, படித்து, திருத்தலாம். உன் போனின் பழைய இயங்குதளத்தை அதன்மேல் ஏற்றினேன். இதோ உன் திரை, இதோ உன் ஒலிபெருக்கி, பேட்டரி முழுதாக இருக்கிறது என்று மாத்தாள் சொல்லச் சொல்ல, தான் ஒரு கையில் இருப்பதாகவே நம்பி அது விழித்துக்கொண்டது. ஆனால் உன் செயலி திறந்த உடனே மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப அதே கதை. துறையில் உடன் வேலை பார்ப்பவர், கண்காட்சிச் சாமானுக்கு இவ்வளவு பாடா என்றார். விடுமுறை முழுவதும் போனது. பிறகுதான் புரிந்தது: உன் செயலி எழுந்ததும் முதலில் தேடியது குலுக்கலை உணரும் கருவியை. அது இல்லையென்றால் பேசமாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறாய். திட்ட முடியாத இடத்தில் உன் அத்தைக்குப் பேச்சே வேண்டாம் என்று நீயே முடிவு செய்துவிட்டாய் போல.

மாத்தாளின் நிரலைத் திறந்து, அந்தக் கருவிக்கும் ஓர் இடம் செய்தேன். ஆய்வகத்தில் கிடந்த ஒரு சென்சாரை உன் போனின் காலிக் கூட்டுக்குள் வைத்து, ஒயரால் கணினியோடு இணைத்தேன். அத்தை குலுக்குவதற்கு அவர் கைக்குப் பழகிய பொருள்தான் சரி.

எடுத்துப்போன அன்று வீட்டில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். உன் நாத்தனார் என் காதில் விழும்படியே பேசினார். "செத்தவ குரல வீட்டுக்குள்ள ஓட விடுறது நல்லாவா இருக்கு? படிச்சவகளுக்கு இது தெரியாதா?" உன் வீட்டுக்காரரும், "விட்டுருங்க டீச்சர், என்னால அதக் கேக்க முடியாது" என்றார்.

நான் நாத்தனார் பக்கம் திரும்பினேன். "உங்க வீட்டு ரேடியோல செத்தவங்க பாடாத நாள் உண்டா? அது யாருக்கும் ஆகாமப் போகலயே" என்றேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தொடுதிரைக் கணினியை அத்தையின் முன்னால் திருப்பி வைத்தேன். வேண்டாம் என்றால் அவர் சொல்லட்டும்.

அத்தை திரையை வெகுநேரம் பார்த்தார். எந்தப் படத்தையும் தொடவில்லை. கூட்டை எடுத்தார், மகனைப் பார்த்தார், குலுக்கினார்.

"எம்புட்டு நேரமா கூப்புடுறேன், காது அடைச்சிருக்கா?"

உன் குரல்தான். உன் வீட்டுக்காரர் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். "இந்தா வந்துட்டேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அத்தை இன்னொரு முறை குலுக்கினார். அவர் திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "வாங்க, சாப்பிட்டீகளா" படத்தைத் தொட்டார். வந்து அவ்வளவு நேரம் ஆனவரிடம் அப்படிக் கேட்டால், பேசியது போதும், கிளம்பு என்று அந்த வீட்டில் அர்த்தம், உனக்குத் தெரியாததா.

கேட்க முடியாது என்ற அதே மனிதர்தான் இன்று காலை என் எதிரே உட்கார்ந்திருந்தார். செயலி நன்றாகத்தான் ஓடுகிறது, படங்கள் பேசுகின்றன, குலுக்கினால் மட்டும் ஒன்றும் வரவில்லை. "அம்மா ரெண்டு நாளா எல்லார்ட்டயும் மரியாதையாப் பேசுது. வீட்ல ஒருத்தருக்கும் வேலை ஓடல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும்தான்.

ஒயர் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. வகுப்பு முடிந்ததும் பற்றவைத்துவிட்டேன். நாளை சிவகாசி பஸ்ஸில் எடுத்துப்போகிறேன். இந்தக் கணினியும் ஒரு நாள் பழசாகும், இதற்கும் ஆதரவு நிறுத்தப்பட்டது என்று யாரோ எழுதுவார்கள். எழுதட்டும். மாத்தாளுக்கு ஒரு மாத்தாள் செய்யும் வழி எனக்குத் தெரியும், நிரல் என் கையில் இருக்கிறது.

அன்று நான் சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. மாத்தாள் வந்தால் ஆள் வந்ததாக ஆகாது. நீ வரவில்லை. அந்தக் குரலுக்குள் நீ இருக்கிறாய் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் உன் இடத்தைக் காலியாக விட நான் தயாராக இல்லை. மேஸ்திரி வந்து தலையை எண்ணிக்கொள்ளட்டும்.