பென்சிலின் விழுங்கிய பிறகு

அன்பு மகளே,

1. உன் கணவர் என்னை அடித்தார். 2. வேண்டுமென்றே அடித்தார். 3. அவரிடம் நீ திரும்பி வரவேண்டாம்.

டுலூத் நகர ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். அவருடைய தொண்டைத் தொற்றுக்கு என்னிடமிருந்த பென்சிலின் மாத்திரையை நான் நீட்டியபோதே, "நீ என்ன டாக்டரா, கிழவா?" என்றார் ரஸ்ஸல். விழுங்கிய சற்று நேரத்தில் குவளையை என் முகத்தில் எறிந்தார். உதடு கிழிந்தது.

"திட்டும்போது மட்டும் தொண்டை வலிக்காதோ, மாப்பிள்ளை?" என்றேன்.

தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். என்னை நெரிப்பேன் என்கிறார் என்று நினைத்தேன். என் சட்டையைப் பற்றி என்னைச் சுவரில் தள்ளிவிட்டுச் சரிந்தார். ஆம்புலன்ஸை அழைத்தேன்.

இவ்வளவு எழுதியபோது நர்ஸ் வந்தார். "அந்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கல, ஐயா. தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிருக்கு. பிழைச்சுக்குவார். முன்னாடி இப்படி ஆகியிருக்கான்னு நீங்க கேக்கலையா?"

கேட்கவில்லை. மூச்சுத் திணறித்தான் குவளையை வீசியிருக்கிறார், என்னைப் பிடித்திருக்கிறார். மூன்றாவதை நீயே முடிவு செய், அம்மா. இரண்டாவது தவறு.

உன் அப்பா