செத்தவைக்குக் கொளுத்தின மெழுகுதிரி

2009 வைகாசி 24, ஞாயிறு. பிராண்டே, என்ர வீடு.

16ஆம் திகதி சனி இங்கிலாந்தில அக்கா தன்ர ஊரைச் சுத்திக் காட்டினா. சந்தை நடுவில பழைய கல்லுச் சிலுவை, பிறகு இடிஞ்ச கோட்டை, கடைசியா ஆத்தங்கரைத் தேவாலயம். உள்ளுக்க, சண்டையில செத்த அந்த ஊர்ப் பெடியளின்ர பேர்களைச் சுவரில வெட்டியிருந்தது. ஒரே வீட்டுச் சகோதரங்கள் மூண்டு பேர். கீழ செத்தவைக்கு மெழுகுதிரி கொளுத்திற இடம்.

வன்னியில அகப்பட்ட தம்பியிட்டயிருந்து மாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இனி அவன் இல்லையெண்டு நினைச்சு ஒண்டு கொளுத்தினன்.

"ஆருக்கடா?" எண்டு அக்கா கேட்டா.

"அம்மாவுக்கு" எண்டன். அம்மா முந்தியே செத்திட்டா.

வெளியில வந்து ஐஸ்கிரீம் குடிச்சம். சிலுவைக்கு முன்னால சிரிச்சுக்கொண்டு படமும் எடுத்தம்.

இண்டைக்குப் பின்னேரம் அக்கா போன் எடுத்தா. தம்பி வவுனியா முகாமில உயிரோட இருக்கிறானாம். அழுதழுது சொன்னா, "நீ அம்மாவுக்குக் கொளுத்தின திரிதானடா அவனைக் காப்பாத்தினது. நாளைக்கு அவன் கதைப்பான். நீயே அவனுக்கு இதைச் சொல்லு."

ஓமக்கா எண்டன்.

ஒரு கிழமை பொறுத்திருக்கலாம். அதுகூட என்னால ஏலாமப் போச்சு. நாளைக்கு அவன் "அண்ணை" எண்டு கூப்பிட்ட பிறகு, இந்தப் பொய் வாயில வருமோ தெரியேல்லை.