பேமாவுக்காகத் தலைக்குக் குளித்தது

ஜூன் 19, வியாழன்

மழைக்கு லீவு. புது நோட்டு. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், அவமானமானதையும் சேர்த்து.

முதல் அவமானம் இன்றைக்கே. பேமா செத்துப்போனாள்.

பேமா என் போன் கேமில் வரும் தபால்காரி. பனிமலையில் கடிதப் பையோடு நடப்பவள். இரண்டு மாதமாக என் விரல் சொன்ன வழியில் நடந்தாள். இன்று கணவாய்க்கு ஒரு வளைவு கீழே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பையில் மூன்று ரொட்டி மீதி. கடைசிக்கு ஆகும் என்று நான்தான் தராமல் வைத்திருந்தேன்.

அழுதேன். அப்புறம், வீட்டில் சாவுச் செய்தி வந்தால் செய்வதுபோல, போய்த் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை.

அம்மா ஈரத்தலையைப் பார்த்து வெளுத்துப்போனாள். "யாருடி போயிட்டா? தென்காசிப் பெரியப்பாவா?"

நான் விக்கி விக்கி அழுதேன். அம்மாவும் குளித்துவிட்டு அப்பாவுக்கு போன். அப்பா ஆபீஸில் அரைநாள் லீவு போட்டு, ஸ்கூட்டரில் சொட்டச் சொட்ட வந்தார். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அப்பா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். பிறகு: "ஒரு பொம்மைக்கு மூணு பேர் நனைஞ்சிருக்கோம். ஏன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ளே எனக்குப் புரியறாப்லே சொல்லு. இல்லேன்னா கேமை அழிச்சுடுவேன்."

ஜூன் 20, வெள்ளி

தூறல். கணக்கு டெஸ்ட் சுமார்.

சாப்பாட்டு நேரத்தில், என் வகுப்பு மலையாளத் தோழி அஞ்சுவிடம் சொன்னேன். "எடீ, ரீஸ்டார்ட் செய்தா போரே? அவள் வருமல்லோ," என்றாள். மறுபடி ஆரம்பித்தால் வருவாள்தான். ஆனால் ஒன்றுமே நடக்காததுபோல எப்படி அவளை எழுப்புவது? என்னால் முடியவில்லை.

அஞ்சு சிரித்தாள். பிறகு மெதுவாக, தன் கேமில் நாய்க்குட்டிக்குத் தீனி போட மறந்து, அதனிடம் சாரி கேட்டதைச் சொன்னாள். "ஆரோடும் பறயண்டா, கேட்டோ." யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

காரணங்கள்:
1. அழகு. (இல்லை. பேமாவுக்குத் தொப்பியும் மூக்கும்தான் தெரியும்.)
2. சோகக் கதை. (இல்லை. புத்தகங்களில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். குளித்ததில்லை.)
3.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். பல் தேய்க்கும்போது மூன்றாவது கிடைத்தது. புத்தகத்தில் இருப்பவர்கள் நான் பார்க்காவிட்டாலும் சாப்பிடுவார்கள். பேமா நான் கொடுத்தால்தான் சாப்பிடுவாள்.

அப்பாவிடம் சொன்னேன். "கேக்க நன்னாயிருக்கு. எனக்குத் தோணலையே," என்று போனை எடுத்தார்.

"அழிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம். அம்மா நடத்தட்டும்," என்றேன்.

அம்மா அடை வார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பேமா செத்ததற்கு முந்தின இரவுக் கூடாரத்திலிருந்து கேம் மறுபடி ஆரம்பம். முதல் வேலையாகப் பையைத் திறந்தாள்.

"ரொட்டி இருக்கே. இவ எப்போ சாப்பிட்டா?"

"முந்தாநாள்."

"படுபாவி. வேலைக்கு அனுப்பறவளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டாமோ?"

இரண்டு ரொட்டி கொடுத்தாள். பொன்முடி மலை ரோடு மாதிரி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நிறுத்தி உட்காரவைத்தாள். அப்பா எட்டிப் பார்த்து, "சட்டுனு ஏறச் சொல்லேன்," என்றார்.

"மூச்சு வாங்கறா, தெரியலையா? சும்மா இருங்கோ."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

அடை கருகியது. பேமா கணவாயைத் தாண்டினாள். உச்சியில் நின்று, இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினாள்.

"தலை வாரி எத்தனை நாளாச்சோ," என்றாள் அம்மா.

"இறக்கத்தை நான் நடத்தட்டா?" அப்பா. அம்மா போனைக் கொடுக்கவில்லை.

ஜெயித்தேன். மூன்று பேரும் கருகின அடை தின்றோம்.

இப்போது அம்மா ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அவளைக் கூடாரத்துக்குள்ளே விட்டியோ?"

"விட்டேன்."

"சாப்பிட்டாளோ?"

"சாப்பிட்டா."

விளக்கை அணைத்துவிட்டாள்.