உன்னிடம் மட்டும் சூடேறிய இயந்திரம்

முழுதாக உலராமல், வெந்து மட்டும் வெளியே வரும் படுக்கை விரிப்புக்கு ஒரு நாற்றம் உண்டு. பழைய சோற்றுத் தண்ணீரையும் நனைந்த மரத்தையும் சேர்த்து முகர்ந்தது போல இருக்கும். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நம் சலவைக்கூடம் முழுக்க அந்த நாற்றம்தான். மிங்கலாடோன் பக்கம் மழை பிடித்தால் எப்படிப் பிடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் கட்டிய கயிறுகள் வெறுமனே நனைந்து தொங்குகின்றன. கீழே நம் பழைய கேஸ் டிரையர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. துணி மட்டும் காய்வதில்லை.

நீ இல்லாமல் வந்திருக்கும் முதல் மழைக்காலம் இது. அன்பினால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்னோடு எனக்குத் தீராத வழக்குகள் இருக்கின்றன. நீ செத்துப்போனதால் அவை தள்ளுபடியாகிவிட்டன என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

டிரையர் மக்கர் செய்த முதல் நாளே இஸ்திரி மேசையிலிருந்து மீனாட்சி ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணன் இருந்தா ஒரு தட்டு தட்டுவாரு. நாய்க்குட்டி மாதிரி ஓடும்."

"தட்டினா ஓடுறதுக்கு அது என்ன ரேடியோவா?" என்றேன்.

"அண்ணன் தட்டினா ஓடுச்சே, சயா."

கவனித்தாயா? நீ அண்ணன், நான் சயா. இந்த ஊர்ப் பர்மியில் வாத்தியாரையும் சயா என்பார்கள், டாக்டரையும் சயா என்பார்கள், கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டிய எல்லோரையும் சயா என்பார்கள். ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் பௌதிகம் படித்தோம். தேர்வில் நான் முதலில் வந்தேன், நீ எனக்குப் பின்னால் வந்தாய். சலவைக்கூடத்தை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். ஆனால் லபேயே தேநீர் கொண்டுவரும் பெண் முதல் கோப்பையை உன் முன்னால் வைப்பாள். ஆறிப்போனது எனக்கு வரும். உன் மனைவி மல்லிகாகூட இத்தனை வருடங்களில் என்னைச் சயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்த டிரையரைக் கண்டுபிடித்தது யார்? நான். விமான நிலையச் சாலையில் மூடிப்போன ஓட்டலின் பின்கட்டில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் அது கிடந்ததைப் பார்த்து, பேசி முடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவன் நான். கனமழையில் லாரிக்குப் பின்னாலேயே மிதிவண்டியில் வந்தேன். நீ அன்று காய்ச்சலில் படுத்திருந்தாய். மறுநாள் எழுந்து வந்தாய். வாயுக் குழாயை இணைத்தாய், பர்னரை ஊதினாய், முதல் சுடர் பிடித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அது 'அண்ணன் கொண்டாந்த மிஷின்'.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு அதிகமாக உறுத்துவது. கல்லூரி விடுதியில் நம் மண்ணெண்ணெய் அடுப்பு புகைந்துகொண்டே இருந்த நாளில், திரியைத் தூண்டித் தூண்டி நீ கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, நான் சொன்னேன்: "நெருப்புக்கு மொதல்ல மூச்சு, அப்புறம்தான் சோறு." அடுப்பின் அடியில் இருந்த ஓட்டைகளின் அழுக்கைக் குத்தி எடுத்தேன், புகை நின்றது. அந்த வாக்கியம் என்னுடையது. இந்தக் கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார், 'அண்ணன் சொல்லுவாரே' என்பார்கள்.

உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன். முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழவே இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு நிரம்பிவிட்டது. கோயில்காரர்கள், பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர்கள், மாவ்பியிலிருந்து காய்கறி வண்டிக்காரர்கள். பர்மியில் அழுகிறவர்களும் தமிழில் அழுகிறவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். உன் தலைமாட்டில் நின்றுகொண்டு, என் சாவுக்கு யார் வருவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வருத்தப்படவேண்டிய நேரத்திலும் அதைத்தான் யோசிக்க வைத்தாய்.

அடுத்து வந்த ஆயுத பூசையன்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து டிரையருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வைத்த கையோடு உன் படத்தையும் அதன் வலது பக்கத்திலேயே மாட்டிவிட்டார்கள். இஸ்திரி மேசையிலிருந்து நிமிர்ந்தால் நீ தெரிய வேண்டுமாம். பெரிய படம், பெரிய சட்டம், சந்தனச் சீவல் மாலை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதை நான் நிறுத்திக்கொண்டேன். துணி எடுக்க முன்பக்கம் போதும், குழாய் பார்க்கப் பின்பக்கம் போதும். மழையும் விட்டிருந்தது. வெயில் காலம் முழுக்க மாடிக் கயிறே எல்லாத் துணியையும் காயவைத்ததால் டிரையருக்கே வேலையில்லை.

இப்போது மழை வந்துவிட்டது. பிரசவ விடுதியின் விரிப்புகள் தினமும் மூட்டை மூட்டையாக வருகின்றன. ஈரம் மிச்சமிருக்கும் விரிப்பை அங்கே வாங்க மாட்டார்கள். வாங்கவும் கூடாது. மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் போய்விட்டால் நமக்குக் கூடமே இல்லை.

நான் என்ன செய்யவில்லை என்று நினைக்கிறாய்? சிலிண்டரை மாற்றினேன். ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். வடிகட்டியில் இருந்த பஞ்சை எடுத்தேன். புகைக்குழாயைக் கழற்றித் தெருவில் போட்டு, மூங்கிலில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தேன். ஒரு பூனை படுக்கும் அளவுக்குப் பஞ்சு வந்தது. இதுதான் என்று சந்தோஷப்பட்டேன். மறுபடி ஓட்டினேன். வெதுவெதுப்பு, நாற்றம். வாயு வால்வின் காயில்களை மாற்றினேன். பற்றவைக்கும் கம்பியை மாற்றினேன். ஒவ்வொன்றையும் மாற்றியபோது பெண்கள் இஸ்திரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் கண் என்னைத் தாண்டி உன் படத்துக்குப் போனது.

முந்தாநாள் மல்லிகா வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள்.

"சயா, ஷ்வேப்யிதா சலவைத் தொழிற்சாலைக்காரங்ககிட்டப் பேசிட்டேன். நாளைக்கு மத்தியானம் லாரி வருது. மிஷினை எடுத்துக்கிட்டுப் போகட்டும். விடுதித் துணியையும் அவங்களே பாத்துக்கிறாங்களாம்."

"இன்னும் ரெண்டு நாள் குடு."

"எதுக்கு? அவரு கைக்குப் பழகின மிஷின். அவரோட போச்சுன்னு விட்டுடுங்க."

அவர் கைக்குப் பழகின மிஷின்! நான் இந்த இடத்தில் நிற்பதற்கான கடைசிக் காரணத்தையும் உன்னோடு சேர்த்துப் புதைக்கிறாள் என்று தோன்றியது. அந்த இயந்திரம் உன்னிடம்தான் அடங்கும் என்பது பொய் என்று, லாரி வருவதற்குள், ஒரே ஒருமுறை நான் காட்டியாக வேண்டும்.

நேற்றுக் காலை வந்ததும் எதையும் கழற்றவில்லை. முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பர்னரின் சின்னக் கண்ணாடி வழியாகச் சுடரை மட்டும் பார்த்தேன். பற்றும்போது நீலம். கொஞ்ச நேரத்தில் நுனி மஞ்சளாகி, நீண்டு, சோம்பலாக ஆடியது. பிறகு 'டக்' என்று அணைந்தது. அணைத்தது காவல் தெர்மோஸ்டாட். பர்னரைச் சுற்றி மட்டும் சூடு தேங்கி நின்றால் அது வாயுவை வெட்டிவிடும். சூடு டிரம்முக்குப் போகவில்லை, அங்கேயே நிற்கிறது. மஞ்சள் சுடர், தேங்கிய சூடு. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். காற்று வெளியே போகும் வழியை நான் சுத்தம் செய்துவிட்டேன். உள்ளே வரும் வழி எங்கே?

எழுந்து இயந்திரத்தைச் சுற்றினேன். பின்பக்கம் மூடிய தகடு. இடப்பக்கம் மூடிய தகடு. வலப்பக்கம் நீ.

பூசைக்குப் பிறகு உன் எதிரே நான் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதே சிரிப்பு. லோஞ்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, எதைக் கேட்டாலும் 'ஆயிடும்டா' என்று சொல்லும் சிரிப்பு. சட்டத்தின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கினேன். பின்னால் தகட்டில் வரிசையாகப் பிளவுகள். பெண்கள் அந்தப் பிளவுகளில்தான் கம்பியை நுழைத்துக் கொக்கி மாட்டியிருந்தார்கள். படத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நாலாக மடித்த தடித்த டவல் ஒன்றை இறுக்கி வைத்திருந்தார்கள்.

படத்தைக் கழற்றினேன்.

"அமலே, ஐயோ! சயா! அண்ணன் மேல கை வைக்காதீங்க!" மீனாட்சி இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இந்த டவலை யாரு வெச்சது?"

"நான்தான். மிஷின் சூடு அண்ணனுக்குப் படக்கூடாதுன்னு வெச்சேன். அதுக்கு என்ன இப்ப?"

"மிஷின் மூச்சு விடுற எடமே இதுதான், மீனாட்சி. மூக்கைப் பொத்தி வெச்சிருக்கீங்க."

"மிஷின் ஓடலைன்னா அவரைக் கழட்டுவீங்களா? அவரு இருக்கையிலயும் உங்களுக்கு ஆகாது, போன பெறகும் ஆகலை."

மற்ற பெண்கள் என் கையிலிருந்த படத்தையே பார்த்தார்கள். அவள் சொன்னதைத்தான் எல்லாரும் நினைத்தார்கள் என்று அதிலேயே தெரிந்தது. சத்தம் கேட்டு மல்லிகா வந்தாள். உன் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒருமுறை எல்லாரையும்விட எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அந்த ஒருமுறையும் என்னைப் பார்க்கிறவர்களுக்குப் பொறாமைக்காரனாகத்தான் தெரிந்தேன். இரண்டும் உண்மை என்பதுதான் சங்கடம்.

"ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன். ஆகலைன்னா நானே லாரியில ஏத்திவிடுறேன்," என்றேன்.

மல்லிகா கையை நீட்டிப் படத்தை வாங்கிக்கொண்டாள். விடுதி விரிப்புகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். சுடர் பற்றியது. நீலம். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். நீலம். மஞ்சளாகும், மஞ்சளாகும் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஆகவில்லை. பிளவுகளில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை உறிஞ்சிப் பிடித்தது காற்று. அணைந்தால் அணையட்டும் என்று மீனாட்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் அவளே முந்திக்கொண்டு கதவைத் திறந்தாள், ஒரு விரிப்பை இழுத்தாள், கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மொறுமொறுவென்று இருந்தது. சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினாள்.

நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

"பாத்தீங்களா!" என்றாள் மற்றப் பெண்களைப் பார்த்து. "லாரி வருதுன்னதும் அண்ணன் எறங்கி வந்துட்டாரு! நம்ம மிஷினை விடுவாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பொறுக்கமாட்டாமல், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன்: "எறங்கி வரவும் இல்ல, ஏறிப் போகவும் இல்ல. நெருப்புக்கு மொதல்ல மூச்சு, அப்புறம்தான் சோறு."

"அதேதான் சயா! அண்ணன் சொல்லுவாரே!"

வெளியே போய் மழையில் நிற்கலாமா என்று இருந்தது. மல்லிகா லாரிக்காரனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படத்தை மார்போடு அணைத்தபடி என் பக்கம் வந்தாள்.

"அது நீங்க சொன்னதுதானே, சயா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான். எப்பச் சொன்னாலும், 'இது என் சரக்கு இல்ல, அவன் காலேஜ் விடுதியில சொன்னது'ன்னு சொல்லிட்டுத்தான் சொல்லுவாரு. இதுங்களுக்கு அந்தப் பாதி மறந்துபோச்சு."

இப்போது சொல், உன்னை நான் என்ன செய்வது? எத்தனை வருடங்களாகப் பொத்திப் பொத்தி வளர்த்த வழக்கு அது. என் கையில் இருந்த வலுவான சாட்சியம். அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல உன்னால் முடிந்திருக்கிறது. அதையும் கடமைக்கென்று இல்லாமல், ஒவ்வொரு தடவையும் மறக்காமல் செய்திருக்கிறாய். எனக்கு அது வராது. இனி அதற்கும் சேர்த்து உன்மேல் பொறாமைப்பட வேண்டும்.

உன் படத்தை எங்கே மாட்டுவது என்று பெண்கள் கூடிப் பேசினார்கள். சுவரெல்லாம் ஈரம் ஊறி உதிர்கிறது. ஆணி தாங்குகிற இடம் என் மேசைக்கு நேர் எதிரே ஒன்றுதான்.

"நாள் பூரா உங்க மூஞ்சிக்கு எதுக்க இருப்பாரே, சரிப்படுமா சயா?" என்றாள் மீனாட்சி. கேட்டுவிட்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"யபாதே," என்றேன். பரவாயில்லை என்பதை நாம் தமிழில் சொல்வதை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

இதை எழுதும்போது எதிரே நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். கூடத்தில் அந்த நாற்றம் போய்விட்டது. காய்ந்த பருத்தியின் வாசனை வருகிறது. வெளியே மழை விடவில்லை.

அந்த டவலைத் தூக்கி எறியப் போனாள் மீனாட்சி. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தகட்டின் பிளவுகள் அதில் பழுப்புக் கோடுகளாகக் காய்ந்து பதிந்திருக்கின்றன. இரண்டு தடவை வெளுத்துப் பார்த்தும் போகவில்லை. டிரையர் கதவைத் திறக்கும்போது கை சுடாமல் இருக்க இன்று காலையிலிருந்து தோளில் போட்டிருக்கிறேன். உனக்குச் சூடு படக்கூடாது என்று வைத்தது, இப்போது எனக்குப் படாமல் பார்த்துக்கொள்கிறது.