இரு கைகள் ஊற்றிய தண்ணீர்

கருவிலும் காத்தருளும் கருணைக் கடலே துணை.

அன்பு மகனே, இங்கு யாவரும் உடலால் நலம். மனத்தால் நலமா என்பதை இக்கடிதம் முடியும்போது நீயே அறிவாய். நீயும் உன் இல்லாளும் குழந்தைகளும் குறைவின்றி இருக்க நாள்தோறும் வேண்டுகிறேன். இதை வீட்டிலிருந்து எழுதவில்லை. கார்ப் பட்டறையின் ஓரத்தில், பழைய டயர்களின் மேல் பலகை போட்ட இருக்கையில் அமர்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன் தம்பி மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டதும், குழந்தை குறுக்கே கிடப்பதால் மலைக்கு அப்பாலுள்ள பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம் என்று மருத்துவர் சொன்னதும் நீ அறிந்தவையே. நாளைக் காலை புறப்பட்டாக வேண்டும். தன் காரில்தான் அழைத்துப் போவேன் என்று உன் தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். அந்தக் காரோ சில நாட்களாகச் சூடேறி நின்றுவிடுகிறது. கசிவை அடைக்கும் மருந்து ஒன்று டப்பாவில் விற்கிறது, ஊற்றினால் மலையேறி இறங்கிவிடலாம் என்று நீ தொலைபேசியில் சொன்னாயாம். அவன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணன் வாக்கே வேதம் என்கிறான். நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

காலையில் நாங்கள் நால்வரும் பட்டறைக்குப் புறப்பட, வீட்டு வாசலில் உன் தம்பி எஞ்சினைக் கிளப்பினான். நாற்சீர் அடியில் ஒரு சீர் விடுபட்டாற்போல் அது நொண்டிற்று. பின்னால் வெண்புகை ஆவியாய் எழுந்தது. சற்றுப் பொறுத்துத்தான் ஓசை சீரானது. இங்கு வந்து சேர்ந்ததும் பட்டறைக்காரர் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். உன் தம்பி அலட்சியமாக, “வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ஊத்துவேன், அவ்வளவுதான்” என்றான். அப்போதுதான் உன் அம்மா மெல்ல வாய் திறந்தாள். “நானும் தினம் ஒரு சொம்பு ஊத்துறேன்” என்றாள். பூத்தொட்டிகளுக்கு ஊற்றும்போது, வண்டி ஆறியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து ஊற்றி வந்தாளாம். அவன் வாங்கிய வண்டியைப் பற்றி நான் குறை பேசுவேனென்று அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. “ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று அவன் கத்த, “நீ சொன்னியா? உங்கப்பா ஆரம்பிச்சா அடங்க மாட்டார்னுதானே ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டோம்” என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். பட்டறைக்காரர், “அப்போ உங்க வண்டி தண்ணி குடிக்கலைம்மா, குளிச்சிருக்கு” என்றார். சிரிப்பு வரவேண்டிய இடம்; ஒருவருக்கும் வரவில்லை. இருவரும் மறைத்து ஊற்றியதால், சிறு குறை என்று ஒவ்வொருவரும் எண்ணியது பெருங்குறையாய் வளர்ந்திருக்கிறது.

பின்னர் அவர் ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் நீல நிறத் திரவம் விட்டு எஞ்சினை ஓடவிட்டார். எரிந்த புகை தண்ணீரில் கலந்தால் நீலம் மஞ்சளாகுமாம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நீலம் பச்சையாகி, மஞ்சளாக வெளிறிற்று. எஞ்சினின் மேற்பாகமான ஹெட்டுக்கும் உடற்பாகமான பிளாக்குக்கும் நடுவே கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. அது கருகியிருந்தால் மாற்றிவிடலாம், பிளாக்கே விரிசல் விட்டிருந்தால் எஞ்சின் உதவாது, இரண்டில் எது என்று ஹெட்டைக் கழற்றாமல் சொல்ல முடியாது என்றார். கழற்றினால் நாளைக்கு வண்டி இல்லை. உன் தம்பி டப்பாவை நீட்டினான். “இது ஓட்டையை அடைக்குதோ இல்லையோ, நல்ல குழாயை அடைச்சிடும் தம்பி. பாதி மலையில நின்னா நான் வந்து என்ன பண்ண?” என்றார் அவர். “சொந்த வண்டி வச்சிக்கிட்டு, பிரசவத்துக்கு வாடகை வண்டியில கூட்டிட்டுப் போனான்னு நாலு பேர் பேசணுமா?” என்று இவன் குதித்தான். வண்டியருகே நின்றிருந்த மருமகள், வயிற்றைப் பிடித்தபடி வந்து பட்டறை முக்காலியில் அமர்ந்தாள். “நாலு பேரா வந்து பிள்ளை பெறப் போறாங்க? அண்ணே, நீங்க கழட்டுங்க. பார்க்காம நான் இதுல ஏற மாட்டேன்” என்றாள். என் நீதிநூல் படிப்பெல்லாம் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அவன் டப்பாவைக் கீழே வைத்தான்.

இப்போது ஹெட் கழன்றுவிட்டது. கேஸ்கெட் ஓரிடத்தில் கருகியிருக்கிறது. பிளாக்கைத் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசி, அதையும் துடைத்துவிட்டு, மேலே வெண்மருந்து அடித்திருக்கிறார். விரிசல் இருந்தால் உள்ளே நுழைந்த சிவப்பு மேலே கசியுமாம். எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். அழைக்கிறார்கள், பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பார்த்தேன், மகனே. முதலில் ஒன்றும் இல்லை; உன் அம்மா கைகூப்பினாள். பிறகு இரண்டாம் சிலிண்டரின் விளிம்பிலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளைவரை தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது. உன் தம்பி அதன்மேல் விரலை வைத்தான், எடுத்துப் பார்த்தான், மனைவியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வெளியே போய் அவனே வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தான். நாளை வரை காத்திராமல் இன்றே புறப்படுகிறோம்.

முடித்ததும் இக்கடிதத்தைத் தொலைபேசியில் படமெடுத்து இப்போதே உனக்கு அனுப்பிவிடுவேன். மலைக்கு அப்பால் போய்ச் சேர்ந்ததும் அவன் உன்னை அழைப்பான். நீ சொன்ன யோசனையைப் பற்றி ஒரு சொல் எடுக்க மாட்டான். அண்ணனை விட்டுக்கொடுக்கும் பிள்ளை அல்லன் அவன். ஆகையால் நீயே முதலில் எடுத்துச் சொல், காணாத நோய்க்கு மருந்து சொல்லிவிட்டேன் என்று. அந்தச் சொல் அவனுக்கு இன்று வேண்டும். உன் வண்டியிலும் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதோடு நில்லாதே, எங்கே போயிற்று என்று கேள். சூடாயிருக்கையில் மூடியைத் திறவாதே. உன் மனை விளங்கவும், மக்கள் தழைக்கவும், நீங்கள் செல்லும் வழியெல்லாம் இறைவன் முன்னே நடக்கவும் நெஞ்சார வாழ்த்தும்,

உன் தந்தை.