நீ ஊட்டாமல் விட்ட இரண்டாவது வாய்

என் உசுருக்கு உசுரான அண்ணனுக்கு,

நம் பக்கத்தில் கூடப்பிறந்த அண்ணனை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் சின்ன வயதிலிருந்தே நீ, வா, போ. அம்மா எத்தனை தடவை என் வாய்மேல் போட்டிருப்பாள்! நீதான் "விடும்மா, கழுதை அப்படியே கூப்பிடட்டும்" என்பாய். இப்போதும் அப்படியேதான் எழுதப் போகிறேன். செத்துப் போனதற்காக மரியாதை கூட்டித் தருவேன் என்று எதிர்பார்க்காதே.

நேற்று கோர்ட்டிலிருந்து வந்தேன். உன் எத்தியோப்பியச் சிநேகிதர் தெஸ்ஃபாயே அங்கே என்ன செய்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அவர் வீட்டு அடுப்படியில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டால் முதலில் சிரிப்பாய், அப்புறம் என்னை அடிக்க வருவாய். இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்க மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ போன அன்றைக்கு மதியம் சான் ஹோசேயில் நீ வேலை பார்த்த பெட்ரோல் பங்க் கடையில் கூட்டமே இல்லை. தெஸ்ஃபாயேயின் மனைவி அல்மாஸ் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ஒரே தட்டில் கொட்டி, கவுண்டரில் நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவன் முகத்தைக்கூட மறைக்காமல் உள்ளே வந்தான். துப்பாக்கியை நீட்டிக் கல்லாவைத் திறக்கச் சொன்னான். கொடுத்துத் தொலைத்திருக்க வேண்டியதுதானே, அண்ணா? முதலாளி காசுக்கு நீ எதற்குச் சண்டை போட்டாய்? கொதிக்கிற காபிக் குடுவையை எடுத்து வீசினாயே, அதுவாவது அவன் மூஞ்சியில் பட்டதா? கதவில் பட்டு உடைந்தது. அவன் சுட்டது உன் கழுத்தில் பட்டது. சரிந்த உன்னைத் தாங்கக் குனிந்த தெஸ்ஃபாயேக்குத் தோளில் ஒன்று. போலீஸ் எடுத்த போட்டோவை நான் பார்த்தேன். அந்தத் தட்டில் எது குழம்பு, எது உன் ரத்தம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்து ஆள் ஒருவனைச் சந்தேகத்தில் பிடித்தார்கள். உன் கடை கேமரா பயமுறுத்த மாட்டிய வெறும் பொம்மை. துப்பாக்கியும் கிடைக்கவில்லை. பார்த்தது ஒரே ஒரு ஆள். அவரைக் கேட்டால், "முகத்தைப் பார்க்கவில்லை" என்றார். ஒரு கை தூரத்தில் இருந்தவர்! அவர் வாய் திறக்காவிட்டால் அவனை விட்டுவிட வேண்டியதுதான் என்று அரசு வக்கீலம்மா சொல்லிவிட்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கார் ஓட்டும்போது, துணி மடிக்கும்போது, டேகேரில் பிள்ளையைக் கூப்பிடக் காத்திருக்கும்போதுகூட, மனசுக்குள் அவனை வெட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கழுத்தில், ஒரு நாள் முழங்காலில். நின்று ரசித்து வெட்டினேன். என் வீட்டுக்காரர் செந்திலிடம் சொன்னால் மனுஷன் பயந்துவிட்டார்.

"பூங்கொடி, கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணு. அதெல்லாம் லாயர் பாத்துக்குவாங்க."

"எனத்தப் பாத்துக்குவாங்க? செத்தது என்ற அண்ணன்! உங்க அண்ணனா?"

அன்றைக்குத்தான் அல்மாஸுக்கு போன் பண்ணினேன். "என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் உங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அந்தச் சாப்பாட்டை எனக்குச் செய்யக் கற்றுக் கொடு" என்றேன். பொய் இல்லை. ஆனால் முழு நிஜமும் இல்லை. வாரா வாரம் அந்த வீட்டில் உட்கார்ந்து, தெஸ்ஃபாயேயின் வாயை எப்படியாவது பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் போனேன். அல்மாஸ் என் வயசுக்காரி, சுலபத்தில் ஏமாறுகிறவள் இல்லை. "வா. கோழி நீ வாங்கி வா" என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாளே சண்டை. கோழியைப் பலகையில் போட்டு, நம் வீட்டுப் பழக்கத்தில் எலும்போடு சேர்த்து ஓங்கி ஓங்கி வெட்டினேன். யாரை நினைத்து வெட்டினேன் என்று சொல்ல வேண்டுமா? எலும்புச் சில்லு அவள் கன்னத்தில் தெறித்தது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது என்ன, பழி வாங்குகிறாயா? எங்கள் வீட்டில் கோழியை மூட்டு மூட்டாகப் பிரிப்போம். ஒரு எலும்புகூட உடையக்கூடாது."

பிரித்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவச் சொன்னாள். வெங்காயத்தை மலையாக நறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வதக்கச் சொன்னாள். எண்ணெய் காயாமல், கடுகு பொரியாமல் ஒரு சமையலா என்று என் கை எண்ணெய்ப் பாட்டிலுக்கே போயிற்று. வெங்காயம் கரைந்து செம்மண் சேறு மாதிரி ஆனபிறகுதான் பெர்பெரே என்கிற அவர்கள் மிளகாய்ப் பொடியும், மசாலா போட்டுக் காய்ச்சிய நெய்யும். இஞ்செரா என்கிற அவர்கள் புளித்த மாவு அப்பத்தை ஊற்றும்போது நான் என்ன செய்திருப்பேன், சொல்லு பார்க்கலாம்? தோசை என்று நினைத்துத் திருப்பிப் போட்டுவிட்டேன்! மேலே விழுந்திருந்த கண்ணெல்லாம் அவிந்து போயிற்று. அதன் கண்ணில்தான் குழம்பு இறங்க வேண்டுமாம். அன்றைக்கு மட்டும் அல்மாஸ் சிரித்தாள்.

அப்புறம் சாப்பாடு. ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும். அல்மாஸ் இஞ்செராவைக் கிழித்து, கறியை வைத்துச் சுருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினாள். அதற்கு குர்ஷா என்று பெயர். பிரியத்தைக் காட்டுவது அப்படித்தான். எனக்கோ உடம்பு கூசியது. எச்சில் இல்லையா? அதைக் கையில் வாங்கித்தான் வாயில் போட்டேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "உன் அண்ணன் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார்" என்றாள். நீயா? டம்ளரைத் தூக்கித்தான் குடிப்பாய், நான் கடித்த முறுக்கைத் தொடமாட்டாய். நீயா அண்ணா?

இப்படியே ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தெஸ்ஃபாயே கையைக் கழுத்தோடு தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னறையில் சத்தமில்லாத டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் அடுப்படியிலிருந்து அவர் காதில் விழும்படி பேசுவேன். அம்மா சாப்பிடுவதில்லை என்பேன், அந்தக் கொலைகாரன் சீக்கிரம் வெளியே வந்து சிரித்துக்கொண்டு நடப்பான் என்பேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

கடைசி ஞாயிறு போகும்போது என் கையில் வக்கீலம்மா சொன்ன சேதி இருந்தது. சாட்சி இல்லையென்றால் அந்த வாரமே கேஸை விட்டுவிடுவார்களாம். வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் உள்ளே வதங்கியது. கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்தினேன்.

"உன் புருஷன் ஒரு கோழை, அல்மாஸ்! என் அண்ணன் செத்துப்போன தட்டில் தின்றுவிட்டு இங்கே ஒளிந்துகொண்டிருக்கிறார்!"

அவள் என் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். நானும் விட்டுவிடவில்லை. கன்னத்தில் அறைந்தேன், கழுத்தைப் பிராண்டினேன். சட்டி கவிழ்ந்து கொதிக்கிற குழம்பு என் பாதத்தில் கொட்டியது. அப்படியும் அவள் மணிக்கட்டை நான் விடவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற பொம்பளைகள், தரையில் வெங்காயத்தில் வழுக்கிக்கொண்டு அடித்துக்கொண்டோம், அண்ணா. உண்மையைச் சொன்னால், நீ போன பிறகு அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"போதும்!" என்று தெஸ்ஃபாயே கத்தினார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. அடுப்படி வாசலில் நின்று, சுட்டுவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு பேசினார்.

"சிஸ்டர், எனக்குப் பதினெட்டு வயசில் எங்கள் ஊரில் ராணுவ ஆட்சி. என்னைப் பிடித்துப் போய் பாதத்தில் அடித்தார்கள். நகத்தைப் பிடுங்கினார்கள். பையன்களை வரிசையாக நிறுத்தி, எவன் உன் கூட்டாளி, காட்டு என்றார்கள். அடி தாங்காமல் ஒருவனைக் காட்டினேன். பெயர்கூடத் தெரியாது. மறுநாள் அவனை எங்கள் தெருமுனையில் போட்டிருந்தார்கள். அவன் அம்மா அழக்கூடாது என்று பக்கத்தில் காவல் வேறு நின்றது. அன்றிலிருந்து இந்த விரலை நான் யார் பக்கமும் நீட்டியதில்லை."

அல்மாஸின் மணிக்கட்டை விட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை.

"அது மட்டும் இல்லை. அன்றைக்கு உன் அண்ணன் எனக்கு குர்ஷா கொடுத்தார். ஒரு வாய். இரண்டாவதைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவன் கதவைத் திறந்தான். எங்கள் வழக்கத்தில் ஒரு வாயோடு நிறுத்தினால் பகை என்று அர்த்தம். கொடுக்கிறவர் அப்படி நிறுத்தவே மாட்டார். உன் அண்ணன் என்னைப் பகையில் விட்டுவிட்டுப் போனார். பகையாளிக்கு அவர் பக்கம் நின்று பேச என்ன யோக்கியதை?"

நீ இதைக் கேட்டிருந்தால் "அட லூசு" என்று அவர் தலையில் தட்டியிருப்பாய். எனக்குத் தட்ட முடியவில்லை. கவிழ்ந்த சட்டியின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அன்றைக்கும் நான் மறதியாகத் திருப்பிப்போட்டுக் கெடுத்த ஒரு இஞ்செரா, கண்ணில்லாதது, மேடையில் கிடந்தது. அதைக் கிழித்து, ஒட்டியிருந்ததை வழித்துச் சுருட்டினேன். எரிகிற காலை இழுத்துக்கொண்டு போய் அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"அண்ணன் விட்டதை நான் கொடுக்கிறேன். வாயைத் திறங்க" என்றேன்.

திறந்தார். என் விரல் அவர் உதட்டில் பட்டது. கூசவில்லை, அண்ணா. மூன்றாவதும் கொடுத்தேன். பெரிய மனுஷர், மென்றுகொண்டே ஏங்கி ஏங்கி அழுதார். அல்மாஸ் என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். கோர்ட்டுக்கு வாருங்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை. அந்த விரலிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவன் தப்பித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் வக்கீலம்மா போன் பண்ணினாள். தெஸ்ஃபாயே தானாகவே அவள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறார் என்றாள்.

அதற்கப்புறம் அவர்கள் வீட்டு ஜன்னலை யாரோ சுட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இப்போதாவது நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று நானே கெஞ்சினேன். அல்மாஸ் கண்ணாடிச் சில்லைக் கூட்டிக்கொண்டே, "வாயில் வாங்கியாயிற்று, இனி துப்ப முடியாது" என்றாள்.

நேற்று அவர் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் குதறி எடுத்துவிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை என்று அன்றைக்கு ஏன் சொன்னாய், யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது, இந்தப் பொம்பளை உன் வீட்டில் என்ன செய்தாள்? "சமைத்தாள்" என்றார். "அன்று பயந்தேன். இன்றும் பயம்தான். ஆனால் பார்த்தேன்."

நீங்கள் அன்றைக்குப் பார்த்த ஆள் இங்கே இருந்தால் காட்டுங்கள் என்றாள் நம் வக்கீலம்மா. நான் அவர் கையையே பார்த்தேன். சுட்டுவிரல் நீளவில்லை. ஐந்து விரலையும் குவித்து, ஒரு வாய் சோறு ஊட்டுகிற மாதிரி, கையை அவன் பக்கம் மெதுவாக நீட்டினார்.

"இவன்தான். எனக்கு ஊட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தியவன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜூரி இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை. என் மனசு திருந்திவிட்டது என்று நினைக்காதே, எனக்கு இன்னும் அவனை வெட்டவேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை நீண்டபோது, என்னைவிடப் பெரிதாக ஒருவர் உனக்காக அடி வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தது.

இங்கே இனி இருக்க முடியாது என்று அவர்கள் டெக்சாஸுக்குப் போகிறார்கள். அங்கே கேட்டி என்கிற ஊர்ப் பக்கம் வீடு பார்த்திருக்கிறார்கள். உன் திதிக்கு இனிமேல் நான் அங்கேதான் போவேன், அண்ணா. கோழியை எலும்பு உடையாமல் பிரிப்பேன், வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் வதக்குவேன், இஞ்செராவைத் திருப்பிப் போடமாட்டேன். முதல் பிடியைக் காக்கைக்கு வைக்கமாட்டேன், தெஸ்ஃபாயே வாயில் வைப்பேன். செத்தவனுக்கு எடுத்ததை உயிரோடிருக்கிறவருக்கு ஊட்டுகிறாயா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். அப்புறம் இரண்டாவது வாய், மூன்றாவது வாய். நான் இருக்கிறவரைக்கும் அவரை ஒரு வாயோடு விடமாட்டேன்.

உன்னை இன்னும் நீ, வா, போ என்றே கூப்பிடுகிற
உன் கூடப்பிறந்த கழுதை,
பூங்கொடி